நாற்பத்தோராம் நிமிடத்துச் சைக்கிள்

படத்தை ஐம்பது தடவையாவது நிறுத்தியிருப்பேன்,
அவன் சிரிக்கும் இடத்திலல்ல,
கால் தரையில் ஊன்றும் இடத்தில்.
சக்கரம் இருபத்தெட்டு அங்குலம், அது ஒன்றுதான் நிச்சயம்.
டிவி மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்தால்
மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு:
ஹேண்டில்பார் அகலம், சீட்டின் உயரம்,
கேரியரின் கடைசிக் கம்பி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது வரை
ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில்.

கணபதியில் பம்ப் கம்பெனி. இன்ஸ்பெக்‌ஷன் மேஜை என்னுடையது.
வார்ப்பில் ஒரு குழி, ஒரு கீறல், அரை மில்லி கூடுதல்,
எதுவானாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி.
நாளெல்லாம் குறி போட்ட கை
ராத்திரி ரத்தினபுரி வீட்டில் ஸ்போக் கோத்தது.
முன்னால் முப்பத்திரண்டு. பின்னால் நாற்பது.

உக்கடம் பழைய இரும்புக் கடையில்
ஃபிரேமை எடைக்குப் போட்டுக் கொடுத்தான் ஜாபர்.
"புதுசே ஆறாயிரத்துக்கு வருதேக்கா?"
வரும். கம்பி பிரேக் வராது, டைனமோ வராது,
அந்த நிறம் வரவே வராது.

நிறம் பெரும்பாடு.
வெயில் காட்சியில் பச்சை, மழைக் காட்சியில் நீலம்,
ராத்திரிக் காட்சியில் இரண்டுமில்லை.
பவுடர் கோட்டிங்காரர் பன்னிரண்டு தகடு அடித்துத் தந்தார்.
பதின்மூன்றாவது கேட்டதற்குக்
கையெடுத்துக் கும்பிட்டார்.

செயின் கவரில் ஒரு பெயர். முதல் இரண்டு எழுத்துத்தான் தெரியும்: செல்.
மிச்சத்தை அவள் தாவணி மறைக்கும்,
இல்லையென்றால் புல், அப்புறம் வாய்க்கால் தண்ணீர்.
செல்வமோ, செல்லம்மாளோ, சைக்கிள் கடைக்காரரின் பெண்ணோ,
தெரியாததை நான் எழுத மாட்டேன்.
செல். அவ்வளவுதான்.
தெருவில் பார்க்கிறவர்கள்
போகச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அறுபத்து மூன்றாம் நிமிடம் அவன் வாய்க்காலில் விழுகிறான்.
அதற்கப்புறம் முன் மட்கார்டில் ஒரு ஒடுக்கு.
போஸ்டரில் இருப்பது அது,
ஊர் அடையாளம் சொல்வதும் அதை வைத்துத்தான்.
மூன்று மட்கார்டு பாழ்.
ஒன்றில் ஆழம் போதவில்லை, ஒன்றில் விளிம்பு கூர்,
ஒன்றைக் கோபத்தில் அடித்தேன்.
நாலாவதில் சரியாகப் பதினொரு மில்லி.
பன்னிரண்டு வருஷமாகக் குறைகளைத் தள்ளிவிடுகிறவள்
ஒரு குறைக்கு டிராயிங் போட்டு
அதை அளவாகச் செய்து முடித்தேன்.
யாருக்குச் சொல்ல? அன்று நல்லாத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு லேத் பட்டறைத் திருமூர்த்தி
பால் வாங்க வண்டியைக் கேட்டார். கொடுத்தேன்.
சாயங்காலம் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்.
"புது வண்டிங்க. மூஞ்சியில நசுங்கிக் கெடந்தா நல்லாவா இருக்குது?
தட்டி எடுத்துட்டனுங்.
காசெல்லாம் வேண்டாமுங்."

டீ போட்டேன். அவருக்கும் ஒரு டம்ளர்.
அவர் போனபிறகு டெப்த் கேஜை எடுத்தேன்.
மிச்சம் கால் மில்லி. வண்ணம் உதிரவில்லை,
மரச்சுத்தியலால் உள்பக்கமிருந்து தட்டியிருக்கிறார்.
என் மேஜைக்கு வந்திருந்தால்
பார்த்தவுடன் பாஸ் பண்ணியிருப்பேன்.

ஐந்தாவது மட்கார்டு பரணில் இருந்தது.
எடுக்கவில்லை.
படத்தைப் போட்டேன்.
நாற்பத்தோராம் நிமிடம்: தென்னையில் சாய்த்துவிட்டு
அவன் தண்ணீர் குடிக்கப் போகிறான்.
சைக்கிள் மட்டும் தனியாக நிற்கும் ஒன்பது விநாடி,
மட்கார்டு வழவழவென்று.
வாய்க்கால் இன்னும் படத்துக்குள் வரவில்லை.

மறுநாள் முதல் ஷிஃப்ட்டுக்கு அதில்தான் போனேன்.
ஆனி மாதம். பாலக்காட்டுக் காற்று பக்கவாட்டில் தள்ளியது.
டெக்ஸ்டூல் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது.
இறக்கத்தில்
பிரேக்கைத் தொடவில்லை.